ஒரே முறை விரிய வேண்டிய தெப்பம்: பாய்மரப் படகுகளின் உயிர்காப்புத் தெப்பங்களும் அவற்றின் பராமரிப்பும்

உயிர்காப்புத் தெப்பம் என்பது, மூழ்கும் கலத்தை விட்டு வெளியேறுவோர் மீட்பு வரும்வரை மிதந்திருக்க உதவும் ஊதுமிதவை. துறைமுக வட்டாரங்களில் இதை லைஃப் ராஃப்ட் என்பார்கள். பாய்மரப் படகுகளில் வைக்கப்படுபவை பெரும்பாலும் 4 முதல் 12 பேர் வரை தாங்கும். மடித்துக் கட்டினால் ஒரு பயணப்பெட்டி அளவே இருக்கும். வாங்கிய நாள் முதல் கழித்துக் கட்டும் நாள் வரை ஒருமுறைகூடப் பயன்படாமல் போவதே பெரும்பாலான தெப்பங்களின் விதி. பயன்படும் ஒன்று, முதல் முயற்சியிலேயே விரிந்தாக வேண்டும். மறுமுயற்சிக்கு அங்கே இடமில்லை.

தினமும் ஓடும் எஞ்சின் கோளாறானால் சத்தத்திலேயே தெரிந்துவிடும். தெப்பத்தில் எது கெட்டாலும் பெட்டிக்குள்ளேயே மறைந்து கிடக்கும். ஆகவே அதன் நம்பகத்தன்மையைப் பயன்பாட்டால் அளக்க முடியாது. திறந்து பார்த்துத்தான் அறிய வேண்டும். யார் திறந்து பார்க்கிறார்கள், எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை, எந்த இடத்தில், எந்தக் கருவியால் என்பவைதான் இந்தத் துறையின் மையக் கேள்விகள்.

அமைப்பும் இயக்கமும்

நல்ல தெப்பம் ஒன்றில், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு காற்றுக்குழாய்கள் இருக்கும். ஒன்று கிழிந்தாலும் மற்றொன்று அனைவரையும் தாங்க வேண்டும் என்பது விதி. அடியில் தரைத்துணி. குளிர்கடலுக்கான தெப்பங்களில் அது காற்று நிரப்பும் இரட்டைத் தரையாக இருக்கும். மேலே வளைவுக்குழாய் தாங்கும் கூரை. தெப்பம் கவிழாமல் இருக்க, அடிப்புறத்தில் நீர் நிரம்பும் பைகள். காற்றில் அடித்துச் செல்லப்படாமல் இருக்க, கயிற்றில் இழுபடும் கடல் நங்கூரம். இவற்றோடு வாயு சிலிண்டர் ஒன்றும் அவசரப் பொருள்கள் அடங்கிய பை ஒன்றும் சேர்த்து மடிக்கப்படும். வெளிக்கூடு இரண்டு வகை: மேல்தளத்தில் பொருத்தும் கண்ணாடி இழைப் பெட்டி, உள்ளே வைத்து எடுத்துச் செல்லும் துணிப்பை.

தெப்பத்திலிருந்து வரும் இழுகயிற்றின் ஒரு முனையைப் படகில் கட்டிவிட்டுப் பெட்டியைக் கடலில் எறிய வேண்டும். கயிறு முழுவதும் வெளியே வந்தபின் ஓங்கி ஒரு வெட்டு இழுப்பு. அந்த இழுப்பு சிலிண்டரின் முடுக்கியைத் தட்டிவிடுகிறது. வாயு பாய்ந்ததும் பெட்டியின் கட்டுப்பட்டைகள் அறுந்து தெப்பம் விரிகிறது. சுமார் 20 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடத்துக்குள்ளும், உறைநிலைக்குக் கீழே 30 டிகிரியில் மூன்று நிமிடத்துக்குள்ளும் தெப்பம் விரிய வேண்டும் என்பது கப்பல் தெப்பங்களுக்கான சர்வதேசக் கட்டளை.

யாராலும் எறிய முடியாமல் படகு மூழ்கிவிட்டால், நீரழுத்தத்தால் இயங்கும் விடுவிப்பான் நான்கு மீட்டர் ஆழத்துக்குள் பெட்டியை விடுவிக்கும். பெட்டி மேலே மிதந்து வரும்போது, மூழ்கும் படகின் எடையே கயிற்றை இழுத்துத் தெப்பத்தை விரிக்கும். பிறகு கயிற்றின் முனையிலுள்ள வலுக்குறைந்த இணைப்பு அறுந்து, தெப்பம் படகோடு மூழ்காமல் தப்பும். விடுவிப்பானும் வலுக்குறைந்த இணைப்பும் சரியாகப் பொருத்தப்படாத இடங்களில் தெப்பமும் படகோடு சேர்ந்தே போகும்.

சிலிண்டரில் இருப்பது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. அதோடு சிறிதளவு நைட்ரஜனும் சேர்க்கப்படும். கடுங்குளிரில் கார்பன் டை ஆக்சைடு உறைந்து வால்வை அடைக்காமல் தள்ளிவிடுவது நைட்ரஜனின் வேலை. வங்கக்கடலில் நிலைமை வேறு. கார்பன் டை ஆக்சைடு 31 டிகிரிக்கு மேல் திரவமாக இருக்காது. அதற்கு மேல் சூடு ஏற ஏறச் சிலிண்டருக்குள் அழுத்தம் வேகமாகக் கூடும். எனவே வெப்பநாட்டில் தெப்பம் விரைந்து விரியும். கூடுதல் வாயு பாதுகாப்பு வால்வுகள் வழியே சீறிக்கொண்டு வெளியேறும். பயிற்சி இல்லாதவர்கள் அந்தச் சீறலைக் கேட்டுத் தெப்பம் கிழிந்துவிட்டதாகப் பதறுவதுண்டு. அது பழுதல்ல, வால்வு வேலை செய்வதன் அடையாளம்.

விதிகளும் விதிவிலக்குகளும்

ஊதுதெப்பங்கள் கடலுயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையில், அதாவது சோலாஸில், 1960-இல் இடம்பெற்றன. இன்றைய சோலாஸ் விதிகளின்படி தெப்பம் திறந்த கடலில் 30 நாள் தாங்க வேண்டும். 18 மீட்டர் உயரத்திலிருந்து நீரில் விழுந்தாலும் இயங்க வேண்டும். 12 மாதத்துக்கு ஒருமுறை அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் திறந்து சோதிக்கப்பட வேண்டும். அது சாத்தியப்படாத சூழலில் 17 மாதம் வரை நீட்டிக்கலாம். அந்த நிலையங்கள் எப்படி இருக்க வேண்டும் என்பதை சர்வதேசக் கடல்சார் அமைப்பின் 1993-ஆம் ஆண்டுத் தீர்மானம் வகுக்கிறது.

உல்லாசப் படகுகளுக்குத் தனித் தரம் உண்டு. அது ஐ.எஸ்.ஓ. 9650. திறந்த கடலுக்கு முதல் வகை, கரையோரப் பயணத்துக்கு இரண்டாம் வகை. முதல் வகையில் உறைநிலைக்குக் கீழே 15 டிகிரி முதல் 65 டிகிரி வரை தாங்கும் பிரிவும், பூஜ்யம் முதல் 65 டிகிரி வரை தாங்கும் பிரிவும் உள்ளன. அவசரப் பொருள்கள் 24 மணி நேரத்துக்குள் மீட்பு வரும் என்ற கணக்கிலும், அதற்கு மேல் ஆகும் என்ற கணக்கிலும் இரு விதமாக வைக்கப்படுகின்றன. தொலைகடல் பந்தயங்களின் விதிகள், தெப்பத்தைப் பக்கவாட்டுக் கம்பிவரை கொண்டுவரவோ எறியவோ 15 வினாடிக்கு மேல் ஆகக்கூடாது என்கின்றன.

விதியைவிட விதிவிலக்குத்தான் தமிழ்நாட்டுக்கு முக்கியம். சோலாஸ் உடன்படிக்கை தன் முதல் அத்தியாயத்திலேயே சில கலங்களை விலக்கி வைக்கிறது. 500 டன்னுக்குக் குறைந்த சரக்குக் கலங்கள், இயந்திரமில்லாக் கலங்கள், பழைய முறையில் கட்டப்பட்ட மரக்கலங்கள், வணிகத்தில் ஈடுபடாத உல்லாசப் படகுகள், மீன்பிடிக் கலங்கள் ஆகியவை அந்தப் பட்டியலில் வருகின்றன. தூத்துக்குடித் தோணியும், தூத்தூர்ப் பகுதியின் ஆழ்கடல் விசைப்படகும், சென்னைத் துறைமுகத்தில் நிற்கும் பாய்மரப் படகும் இந்த ஒரே விதியால் வெளியே நிறுத்தப்படுகின்றன. உலகளாவிய கட்டாயம் இவற்றைத் தொடுவதில்லை. உள்நாட்டு விதியும் உரிமையாளரின் பொறுப்புணர்வும்தான் மிச்சம்.

கடல் தந்த சான்றுகள்

1972-இல் பசிபிக் கடலில் திமிங்கலங்கள் மோதி மூழ்கிய 'லூசெட்' படகின் ஆறு பேர் தெப்பத்தில் ஏறினர். அது 17 நாளில் பயனற்றுப் போனது. கூட இழுத்து வந்த சிறு படகுக்கு மாறித்தான் அவர்கள் 38-ஆம் நாளில் மீட்கப்பட்டனர். பத்தாண்டு கழித்து அட்லாண்டிக்கில் ஸ்டீவன் காலஹன் தனியாக 76 நாள் தெப்பத்தில் மிதந்தார். இடையில் கீழ்க்குழாய் கிழிந்தது. பல நாள் முயன்று அதை ஒட்டித்தான் பிழைத்தார். பழுதுபார்க்கும் கருவிப்பையும் கை பம்ப்பும் இருப்பது எத்தனை முக்கியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1979 ஆகஸ்டில் நடந்த ஃபாஸ்ட்நெட் பந்தயம் இத்துறையின் திருப்புமுனை. 303 படகுகள் புறப்பட்டன, புயலில் 15 வீரர்கள் இறந்தனர். 24 படகுகள் கைவிடப்பட்டன. அவற்றில் மூழ்கியவை ஐந்துதான். மற்ற 19 படகுகள் பின்னர் மிதந்துகொண்டிருந்த நிலையில் மீட்கப்பட்டன. தெப்பம் தொடர்பான நிகழ்வுகளில் ஏழு பேர் உயிரிழந்தனர். அந்த ஏழு பேரும் விட்டுவந்த படகுகள் மூழ்கவில்லை. 'ட்ரோஃபி' படகின் தெப்பத்தில் மேல்குழாயும் கீழ்க்குழாயும் பிரிந்துபோய் மூவர் மாண்டனர். படகு காலடியில் அமிழ்ந்து, தெப்பத்துக்கு மேல்நோக்கி ஏற வேண்டிய நிலை வரும்வரை படகை விடக்கூடாது என்ற பாடம் அதன்பின் வேரூன்றியது.

1998 சிட்னி–ஹோபார்ட் பந்தயத்தில் 115 படகுகள் புறப்பட்டன, 44 மட்டுமே முடித்தன. ஆறு பேர் இறந்தனர். 'வின்ஸ்டன் சர்ச்சில்' படகின் ஒன்பது பேர் இரண்டு தெப்பங்களில் ஏறினர். ஒரு தெப்பம் கவிழ்ந்து கிடந்தபோது, உள்ளே இருந்தவர்கள் மூச்சுக்காகத் தரைத்துணியைக் கிழித்தனர். பிறகு வந்த பேரலைகள் அந்தத் தெப்பத்தைச் சிதைத்தன. மூவர் அடித்துச் செல்லப்பட்டனர். கவிழும் தெப்பத்தில் எந்தப் பராமரிப்புச் சான்றிதழும் உதவாது என்பதையும், நீர்ப்பைகளின் அளவு உயிர்ப்பிரச்சினை என்பதையும் இந்நிகழ்வு காட்டியது.

2014-இல் 'சீக்கி ராஃபிகி' என்ற படகின் அடிப்பாரம் அட்லாண்டிக்கில் கழன்று, படகு தலைகீழானது. நால்வரும் மாண்டனர். அமெரிக்கக் கடற்படையினர் பார்த்தபோது தெப்பம் அதன் வழக்கமான இடத்திலேயே இருந்தது. வேலை செய்யாத தெப்பமல்ல அது, எட்டமுடியாத இடத்திலிருந்த தெப்பம். இதற்கு மாறான நிகழ்வு 2022 நவம்பரில் கோல்டன் குளோப் பந்தயத்தில் நடந்தது. பின்லாந்தின் தாபியோ லெஹ்தினனின் 'ஆஸ்தீரியா' சுமார் ஐந்து நிமிடத்தில் மூழ்கியது. தெப்பம் விரிந்தது. எச்சரிக்கைக் கருவிகள் இடத்தைச் சொல்லின. ஏறத்தாழ ஒரு நாள் கழித்துச் சக போட்டியாளர் கிர்ஸ்டன் நாய்ஷாஃபர் அவரை மீட்டார். நாய்ஷாஃபரைப் போலவே மீட்புக்காகத் திசை திருப்பப்பட்ட மற்றொரு போட்டியாளர் இந்தியாவின் அபிலாஷ் டோமி. அவரே 2018 பந்தயத்தில் முதுகு காயம்பட்டு, தெப்பத்தில் இறங்காமல் பாய்மரம் முறிந்த தன் 'துரியா' படகிலேயே படுத்திருந்து மீட்கப்பட்டவர்.

தெப்பம் எப்படிக் கெடுகிறது

தெப்பத்தின் எதிரிகள் நான்கு: வெப்பம், ஈரம், உராய்வு, காலம். பழைய தெப்பங்களின் இயற்கை ரப்பர் ஓசோனால் வெடிப்பு விடும். பாலியூரித்தேன் பூசிய துணிகளில் சில வகைகள், வெப்பமும் ஈரமும் சேர்ந்த சூழலில் சிதைந்து பிசுபிசுக்கும். குழாய் மூட்டுகள் பசையால் ஒட்டியவையானால் பசை இளகும். பெட்டிக்குள் புகும் கடல்நீர் சிலிண்டர் கழுத்தையும் முடுக்கியையும் அரிக்கும். மடிப்பு வரிகளில் துணி தேயும். படகு குலுங்கும்போது சிலிண்டர் துணியோடு உரசும். கைச்சுடர்களும் பாராசூட் ராக்கெட்டுகளும் பொதுவாக மூன்றாண்டில் காலாவதியாகும். விளக்கின் பேட்டரிக்கும் குடிநீர்ப் பொட்டலத்துக்கும் மருந்துக்கும் தனித்தனிக் கெடுதேதிகள் உண்டு.

தமிழ்நாட்டுக் கரையில் முதல் இரண்டு எதிரிகளுக்கும் பலம் அதிகம். மே மாதச் சென்னையில் காற்றின் வெப்பமே 40 டிகிரியைத் தாண்டும். வெயிலில் கிடக்கும் மூடிய பெட்டியின் உட்புறம் அதையும் மிஞ்சும். வடகிழக்குப் பருவமழையில் ஈரப்பதம் உச்சத்தில் நிற்கும். ஐரோப்பியக் கோடையை மனத்தில் வைத்துத் தயாரிப்பாளர் எழுதிய இடைவெளியை அப்படியே இங்கே பின்பற்றுவது கேள்விக்குரியது. பெட்டியின் வெளிர் நிறம், நிழல் தரும் உறை, தண்ணீர் தேங்காத இருக்கை போன்ற சிறு ஏற்பாடுகள்கூட இங்கே ஆயுளைக் கூட்டும்.

திறந்து பார்க்கும் நாள்

அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் தெப்பம் வந்ததும் அதன் வரிசை எண், தயாரிப்புத் தேதி, முந்தைய சான்றிதழ் ஆகியவை பதிவாகும். பெட்டியின் முத்திரையும் வடிகால் துளைகளும் பார்க்கப்படும். பின்னர் திறந்து, ஈரம், பூஞ்சை, துரு ஆகியவற்றைத் தேடுவார்கள். ஆண்டுச் சோதனையில் சிலிண்டர் வாயுவைப் பயன்படுத்துவதில்லை. உலர்காற்றால் ஊதுவார்கள். சொந்த வாயுவால் விரிக்கும் சோதனை ஐந்தாண்டுக்கு ஒருமுறைதான், ஏனெனில் திடீர் விரிவு துணிக்கும் மூட்டுக்கும் அழுத்தம் தரும். தெப்பம் பத்தாண்டைத் தாண்டினால் ஒவ்வோர் ஆண்டும் மிகையழுத்தச் சோதனை செய்ய வேண்டும். அழுத்தத்தைப் படிப்படியாக இயல்பைவிடக் கூட்டி, மூட்டு வழுகுகிறதா, வெடிப்பு விடுகிறதா என்று காது கொடுத்தும் கண் வைத்தும் பார்ப்பார்கள். தரைத்துணி மூட்டுச் சோதனையும் பழைய தெப்பங்களுக்கு உரியது.

இயல்பு அழுத்தத்தில் ஒரு மணி நேரம் விட்டு, இழப்பு 5 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது அடிப்படைச் சோதனை. எளிதாகத் தோன்றும் இதில்தான் பட்டறையின் தரம் வெளிப்படும். குழாயின் இயல்பு அழுத்தம் 180 மில்லிபார் என்று கொண்டால் 5 விழுக்காடு என்பது 9 மில்லிபார். அறை வெப்பம் ஒரு டிகிரி மாறினால் குழாயின் அழுத்தம் சுமார் 4 மில்லிபார் மாறும். ஆக, குளிர்சாதனமில்லாத தகரக் கொட்டகையில் ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று டிகிரி இறங்கினால் நல்ல தெப்பமும் கசிவதாகக் காட்டும். அதே அளவு ஏறினால் கசியும் தெப்பம் நல்லதாகக் காட்டும். வெளிக்காற்றழுத்தத்தின் அன்றாட ஏற்ற இறக்கமும் இதில் சேரும். ஆகவேதான் காற்றோட்டம் அலையாத, நேர்வெயில் படாத, ஈரப்பதமும் வெப்பமும் கட்டுக்குள் இருக்கும் மூடிய கூடம் வேண்டும் என்கிறது சர்வதேசத் தீர்மானம். அளவு கருவிகள் அளவீட்டுச் சான்று பெற்றவையாக இருக்க வேண்டும். பணியாளர்கள் அந்தத் தயாரிப்பாளரிடம் பயிற்சி பெற்றவர்களாகவும் குறித்த காலத்தில் மறுபயிற்சி எடுப்பவர்களாகவும் இருக்க வேண்டும்.

சோதனை முடிந்ததும் சிலிண்டரை எடை போடுவார்கள். வாயு குறைந்திருப்பதைக் காட்டும் நேரடி வழி அதுதான். தெப்பத்தை முழுக்க உலர்த்தி, காற்றை உறிஞ்சி, தயாரிப்பாளரின் வரைபடப்படி மடிப்பார்கள். காலாவதிப் பொருள்களை மாற்றி, இழுகயிற்றை முடுக்கியோடு இணைத்து, பெட்டியை முத்திரையிட்டு, அடுத்த தேதியைக் குறிப்பார்கள். இந்தக் கடைசிக் கட்டத்தில் நேரும் ஒரு மறதி, அதாவது இணைக்கப்படாத ஒரு முடுக்கி, அதுவரை செய்த எல்லாச் சோதனையையும் வீணாக்கிவிடும். பராமரிப்பும் பிழைக்கு இடம் தரும் செயல்தான். திறந்து மடிக்கும் ஒவ்வொரு முறையும் துணி கொஞ்சம் தேய்கிறது என்பதும் உண்மை.

ஓராண்டா, மூன்றாண்டா?

உல்லாசப் படகுத் தெப்பங்களில் வெற்றிடப் பையில் அடைத்தவற்றுக்குச் சில தயாரிப்பாளர்கள் மூன்றாண்டு இடைவெளி தருகின்றனர். இது சரியா என்பதற்கு நம்பகத்தன்மைப் பொறியியல் ஒரு எளிய கணக்கைத் தருகிறது. மறைந்திருக்கும் பழுது ஆண்டுக்கு 4 விழுக்காடு வாய்ப்போடு வருகிறது என்று உதாரணத்துக்குக் கொள்வோம். பழுது அடுத்த சோதனையில்தான் வெளிப்படும். ஆண்டுதோறும் திறந்தால், ஏதோ ஒரு நாளில் தெப்பம் செயலற்றிருக்கும் வாய்ப்பு சராசரியாக 2 விழுக்காடு. மூன்றாண்டுக்கு ஒருமுறை திறந்தால் அது 6 விழுக்காட்டை நெருங்கும். இடைவெளியைக் கூட்டும் அளவுக்கே ஆபத்தும் கூடுகிறது. வெற்றிடப் பை ஈரத்தைத் தடுத்துப் பழுதின் வேகத்தையே மூன்றில் ஒன்றாகக் குறைத்தால் மட்டுமே மூன்றாண்டு இடைவெளி ஓராண்டுக்கு நிகராகும். பை கிழிந்திருந்தால் அந்த வாதம் அப்போதே முறிந்தது.

இரண்டு தெப்பம் வைத்தால் போதுமே என்ற வாதமும் உண்டு. ஒன்றுக்கொன்று தொடர்பற்ற பழுதானால் 6 விழுக்காடு 0.36 விழுக்காடாகச் சுருங்கும். ஆனால் இரண்டும் ஒரே தயாரிப்புத் தொகுதியில் வந்து, ஒரே வெயிலில் கிடந்து, ஒரே பட்டறையில் மடிக்கப்பட்டிருந்தால் பழுதும் சேர்ந்தே வரும். 2021 மே மாதம் டவ்தே புயலில் மும்பை கடல்வெளியில் மூழ்கிய பி-305 தங்குமிடக் கலம் இதற்குக் கொடிய எடுத்துக்காட்டு. அதில் 261 பேர் இருந்தனர். எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உயிர் தப்பிய தலைமைப் பொறியாளர், 16 தெப்பங்களில் 14 ஓட்டையாயிருந்தன என்று கூறியதாகச் செய்தித்தாள்கள் எழுதின. எண்ணிக்கை பாதுகாப்பாகிவிடாது என்பதே அதன் பொருள்.

ஒரகடத்தின் காற்றுப்பையும் கடலின் தெப்பமும்

சென்னைத் துறைமுகத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பாதையில் இதே வகைப் பொறியியல் கேள்வி அன்றாட வேலையாக இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ எனக் கார் தொழிற்சாலைகள் அங்கே உள்ளன. அங்கே வெளிவரும் ஒவ்வொரு காரிலும் மடித்து வைத்த காற்றுப்பை இருக்கிறது. அதுவும் ஆண்டுக்கணக்கில் உறங்கி, ஒரே முறை, முன்னறிவிப்பின்றி விரிய வேண்டிய சாதனம். தெப்பத்துக்கு ஒரு நிமிடம் கிடைக்கும், காற்றுப்பைக்கோ ஒரு வினாடியின் சிறு பங்குதான். ஒரகடத்திலுள்ள உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையத்தில் வாகன மோதல் சோதனைக்கான ஆய்வுக்கூடமும் இருக்கிறது.

இரண்டின் பாதுகாப்புத் தத்துவமும் வேறுவேறு. காற்றுப்பையை யாரும் ஆண்டுதோறும் திறப்பதில்லை. அது வெடிபொருளால் விரிவது, ஒருமுறை விரித்தால் தீர்ந்தது. எனவே ஒவ்வொரு தொகுதியிலும் சில மாதிரிகளை வெடித்துப் பார்த்து மற்றவற்றை நம்புகிறார்கள். மின்சுற்று முழுமையாக இருக்கிறதா என்பதைக் காரைக் கிளப்பும்போதெல்லாம் கட்டுப்பாட்டுக் கருவியே சோதித்து, பழுதானால் முகப்பில் விளக்கை எரியவிடும். தெப்பத்தில் அப்படி விளக்கு எதுவும் கிடையாது. ஆனால் அந்தத் தெப்பத்தையே, அதே அலகையே, ஊதிப் பார்த்துத் திரும்ப மடிக்க முடியும். மாதிரிச் சோதனை ஒன்றின் பலம், முழுச் சோதனை மற்றொன்றின் பலம்.

திறக்காமல் நம்புவதன் விலையை டக்காட்டா விவகாரம் காட்டியது. அந்த ஜப்பானிய நிறுவனத்தின் காற்றுப்பை ஊதிகளில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், பல ஆண்டு ஈரத்தாலும் வெப்ப ஏற்ற இறக்கத்தாலும் சீர்கெட்டு, விரியும்போது உலோகக் கூட்டையே சிதறடித்தது. உலகெங்கும் சுமார் பத்துக் கோடி ஊதிகள் திரும்ப அழைக்கப்பட்டன. 2017-இல் நிறுவனம் திவாலானது. வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளே முதலில் பாதிக்கப்படும் என்று அமெரிக்க அதிகாரிகள் மண்டலவாரியாகத் திரும்ப அழைத்தனர். இந்தியாவில் திரும்ப அழைக்கப்பட்ட கார்களில் நிசான் மைக்ரா, சன்னி ஆகியவையும் இருந்தன. கடற்கரைத் தட்பவெப்பம் மூடிய கருவிக்குள்ளும் வேலை செய்யும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று கிடையாது.

காற்றுப்பைத் தொழிலிடமிருந்து தெப்பத் தொழில் எடுத்துக்கொள்ள வேண்டியது பதிவு முறையை. எந்த வரிசை எண், எந்தத் தொகுதித் துணி, எந்த நாளில் யார் இணைத்தார் என்பது கார் ஆலையில் பல ஆண்டு கழித்தும் தேடியெடுக்கக் கூடியது. அதனால்தான் பழுது தெரிந்ததும் குறிப்பிட்ட கார்களை அழைக்க முடிகிறது. பல தெப்பங்களின் வரலாறோ பெட்டியில் ஒட்டிய ஒரு தாளோடு நின்றுவிடுகிறது. படகு கைமாறினால் அதுவும் கைமாறிப் போகிறது.

தமிழ்நாட்டுக் கரையின் நிலை

தமிழ்நாட்டில் பாய்மரப் படகு என்றால் மூன்று உலகங்கள். முதலாவது, 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் போன்ற இடங்களின் விளையாட்டுப் படகுகள். இவை கரையோரம் ஓடுபவை. துணைப்படகுதான் இவற்றின் காப்பு. இரண்டாவது, கடல் கடக்கும் நெடும்பயணம். கோவாவில் கட்டிய 'தாரிணி'யில் 2024 அக்டோபர் முதல் 2025 மே வரை உலகைச் சுற்றிவந்த இரு கடற்படை அதிகாரிகளில் ரூபா புதுச்சேரிக்காரர். இத்தகைய பயணத்தில் தெப்பம் ஒரு முழு அமைப்பின் உறுப்பு: பயிற்சி, குளிர்காப்பு உடை, செயற்கைக்கோள் எச்சரிக்கைக் கருவி ஆகியவற்றோடு சேர்ந்தே அதற்குப் பொருள்.

மூன்றாவது, உழைக்கும் கலங்கள். தூத்துக்குடியின் மரத்தோணிகள் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் சரக்கேற்றிச் சென்ற நீண்ட மரபு உடையவை. முன்பு பாய் மட்டுமே, பின்னர் டீசல் எஞ்சினும் சேர்ந்தது. தண்டல் எனப்படும் தலைவரின் கீழ் ஒரு சிறு குழு ஓட்டும் இக்கலங்களை 1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம் தனிப் பகுதியில் வைத்தது, மீன்பிடிப் படகுகளுக்கும் வேறொரு பகுதியை ஒதுக்கியது. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் குமரி மாவட்ட மீனவர்களைக் கடலிலேயே சூழ்ந்தபோது, கவிழ்ந்த படகையும் கையில் கிடைத்த கேன்களையும் பற்றிக்கொண்டு பலர் நாள்கணக்கில் மிதந்தனர். முறையாகப் பராமரித்த தெப்பம் இருந்திருக்க வேண்டிய இடம் அது.

கலத்தை விட்டு இறங்குவதன் எல்லையையும் இக்கரையே காட்டியிருக்கிறது. 2012 அக்டோபர் 31-இல் நீலம் புயலில் 'பிரதிபா காவேரி' எண்ணெய்க் கப்பல் நங்கூரம் இழுபட்டுச் சென்னைக் கரையில் தட்டியது. உயிர்காப்புப் படகில் இறங்கியவர்களை அலை கவிழ்த்தது. ஆறு பேர் இறந்தனர். கப்பலிலேயே தங்கியவர்கள் பின்னர் ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டனர். ஃபாஸ்ட்நெட் சொன்ன பாடமே சென்னைக் கரையிலும் மீண்டது.

உரிமையாளர் பார்க்க வேண்டியவை

தெப்பம் வாங்கும் முன்பே, அந்தத் தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற நிலையம் எட்டும் தூரத்தில் உண்டா என்று விசாரிப்பது முதல் வேலை. ஒரு நிறுவனத்தின் தெப்பத்தைத் திறக்கத் தகுதி பெற்றவர் மற்றொன்றைத் திறக்கத் தகுதி பெற்றவர் என்பதில்லை. இந்தியாவில் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் அங்கீகாரமும் நடப்பில் இருக்க வேண்டும். திறக்கும்போது உரிமையாளரும் மாலுமிகளும் உடனிருந்து பார்ப்பது நல்லது. தெப்பம் விரிந்து நிற்பதை, ஏணி எங்கே, கத்தி எங்கே, பம்ப் எங்கே என்பதை அவர்கள் ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டும். சான்றிதழில் அழுத்த அளவுகளும் சிலிண்டர் எடையும் எண்ணாக எழுதப்பட்டிருக்க வேண்டும். 'சரி' என்ற ஒரு சொல் சான்றாகாது.

படகில் இருக்கும்போது மாதம் ஒருமுறை முத்திரை, கட்டுப்பட்டை, விடுவிப்பானின் தேதி, இழுகயிற்றின் முடிச்சு ஆகியவற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். அமரும் இருக்கையாகவோ ஏறி நிற்கும் படியாகவோ பெட்டியைப் பயன்படுத்தக் கூடாது. எச்சரிக்கைக் கருவி, குடிநீர், கையடக்க ரேடியோ ஆகியவை அடங்கிய தனிப்பை ஒன்று தெப்பத்தின் அருகிலேயே இருக்க வேண்டும்.

தெப்பத்தின் நம்பகத்தன்மை விலைப்பட்டியலில் கிடைப்பதல்ல. கடைசியாக அதைத் திறந்தவரின் நேர்மையிலும் கருவியிலும் பதிவேட்டிலும் இருக்கிறது. தமிழ்நாட்டின் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஓராண்டு இடைவெளியே பாதுகாப்பானது. சட்டம் விலக்கி வைத்த தோணிக்கும் ஆழ்கடல் விசைப்படகுக்கும் தெப்பம் வழங்கும் திட்டம் எதுவாயினும், ஆண்டுப் பராமரிப்புச் செலவையும் வரிசை எண் பதிவையும் சேர்த்தே வகுக்கப்பட வேண்டும். பராமரிப்பில்லாமல் கொடுக்கும் தெப்பம், இல்லாத பாதுகாப்பை இருப்பதாக நம்பவைத்து ஆளைக் கடலுக்கு அனுப்பும்.